நிற்காத சரக்கும் நிற்கிற மரமும்: கள்ளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

ஹாப்ஸ் என்பது குளிர்நாட்டுக் கொடி. அதன் பெண்பூவின் இதழ்களுக்கு அடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தூள்தான் பீருக்குக் கசப்பையும் வாசனையையும் கொடுக்கிறது. ஆகஸ்டு கடைசியில் தொடங்கி செப்டம்பர் முடிய அறுவடை. அந்த நாட்களில் ஜெர்மனியின் ஹாலர்டாவுக்கும் செக் நாட்டின் ஸாட்ஸ் வட்டாரத்துக்கும் இங்கிலாந்தின் கெண்டுக்கும் அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்குக்கும் பீர் காய்ச்சுகிறவர்கள் பயணம் போகிறார்கள். பெரிய ஆலைக்காரர்கள் மட்டுமில்லை, சொந்தக் கையால் சிறிய அளவில் காய்ச்சும் பட்டறைக்காரர்களும் போகிறார்கள். உலர்த்திய பூப்பொதிகளிலிருந்து வெட்டியெடுத்த மாதிரிகளை மேசைமேல் பரப்பி வைத்திருப்பார்கள். ஒரு கைப்பிடி அள்ளி, உள்ளங்கைகளுக்கு நடுவே கசக்கி, மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார்கள். இனம் ஒன்றுதான். ஆனால் இந்தத் தோட்டத்துப் பூ வேறு, பக்கத்துத் தோட்டத்துப் பூ வேறு; முதல் வாரம் பறித்தது வேறு, மூன்றாம் வாரம் பறித்தது வேறு. முகர்ந்து பார்த்து, இது எனக்கு என்று சொல்லிவிட்டு ஊர் திரும்புகிறார்கள்.

இது இன்று ஒரு கலையாக மதிக்கப்படுகிறது. தேர்கிறவனின் மூக்குக்கு மரியாதை இருக்கிறது, அதற்கு விலையும் இருக்கிறது. பூவைப் பறித்த கைகளைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. லண்டனின் கிழக்குப் பகுதி ஏழைக் குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் கெண்ட் தோட்டங்களுக்குப் பூப் பறிக்கப் போய்வந்தன. 1931இல் ஜார்ஜ் ஆர்வெல் அந்தக் கூலிகளோடு கூலியாகப் போய்ப் பறித்து, அந்த வேலையின் கூலியையும் கைப்புண்ணையும் எழுதிவைத்தார். அங்கே தேர்கிறவன் ஒருவன், பறிக்கிறவன் இன்னொருவன், காய்ச்சுகிறவன் வேறொருவன்.

நம் பக்கத்துச் சங்கதி இதற்கு நேர் எதிரானது. பாளை விடும் பருவத்தில் ஏரிக்கரை ஏரிக்கரையாக நடந்து மரம் பார்த்தவன், அதில் ஏறியவன், பாளை சீவியவன், கள்ளாக்கி இறக்கியவன் எல்லாம் ஒரே ஆள். தேர்வும் உழைப்பும் ஒரே உடம்பில் குடியிருந்தன. அந்த உடம்பிலிருந்து தேர்வைப் பிரித்தெடுக்கும் காரியம் எப்படி, யாரால், எந்தெந்தக் கட்டங்களில் நடந்தது என்பதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்கிற, நமக்குப் பழகிப்போன சொல்லாடலுக்குள் இந்தக் கேள்விக்கு இடமில்லை. குடிக்கிறவனைப் பற்றியும் குடியால் வரும் வருமானத்தைப் பற்றியும் ஏராளமாகப் பேசியிருக்கிறோம். இறக்குகிறவன் அந்தப் பேச்சில் ஒரு குற்றவாளியாகவோ மறுவாழ்வு தரவேண்டிய பயனாளியாகவோ மட்டும் வந்துபோகிறான். அறிவு உடையவனாக வருவதில்லை.

2

முதலில் அந்த அறிவு என்னவென்று பார்த்துவிடலாம். உத்திரமேரூர் வட்டாரத்தில், மரமேறுவதை விட்டுப் பல ஆண்டுகள் ஆன ஒரு பெரியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை. இலக்கிய விமர்சனம் எழுதுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அவரும் கேட்டார்.

பனையில் ஆண் பெண் உண்டு. ஆண்பனையில் கதிர்கதிராகப் பாளை வரும். பெண்பனையில் குரும்பை வரும். ஆண்பாளை விரிந்து பூ உதிர்வதற்குள் பிடித்தாக வேண்டும். இடுக்கியால் நசுக்கி, கட்டி, நுனியைச் சீவி, கலயத்தை மாட்ட வேண்டும். பெண்பனையில் குரும்பை முற்றாத பருவத்தில் வேறு மாதிரி இடுக்கி, வேறு மாதிரிச் சீவல். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று தரம் ஏறிச் சீவ வேண்டும். ஆழமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், மேலோட்டமாகச் சீவினால் ஊறாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கனம் இருக்கிறது. அதை அளந்து சொல்ல அவரால் முடியவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினார்.

"மரத்தக் கீழ நின்னு பாத்தா என்னா தெரியும் தம்பி? ஏறித் தொட்டுப் பாக்கணும். ஏரிக்கர மரம் நெறைய ஊறும், தண்ணியா இருக்கும். மேட்டு மரம் கொஞ்சந்தான் குடுக்கும், ஆனா தித்திப்பு நிக்கும். போன வருசம் பூரா சீவுன மரத்த இந்த வருசம் வுட்டுடணும். அது கேக்காது, நாமதான் புரிஞ்சிக்கணும்" என்றார்.

பனை பலன் கொடுக்கப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம், சில சமயம் அதற்கும் மேல் ஆகிறது. ஆகவே இன்று மரம் பார்க்கிறவன், தன் அப்பனோ பாட்டனோ பார்த்த மரத்தைத்தான் பார்க்கிறான். தேர்வு என்பது ஒரு பருவத்துச் சமாச்சாரம் இல்லை. எந்த மரத்தை எப்போது விட்டுவைப்பது என்கிற ஞாபகம் தலைமுறை தாண்டி நிற்கிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. பாளையிலிருந்து சொட்டும்போது அது இனிப்புச் சாறு. கலயத்தில் விழுந்த மாத்திரத்தில் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்டும் பாக்டீரியாவும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. காலையில் இறக்கியது மத்தியானம் கடுத்துவிடும், மறுநாள் காடியாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிப்பேறுவது தடைபட்டுப் பதனீர் கிடைக்கும். தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கை. நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு.

கள் நிற்காத சரக்கு. அதைச் சேமித்துவைக்க முடியாது, வெகுதூரம் கொண்டுபோக முடியாது. ஹாப்ஸ் பீருக்குச் செய்தது இதற்கு நேர் எதிரான காரியம். அந்தக் கசப்பு, பீரைக் கெடாமல் வைக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் லண்டனின் போ மதுவாலையிலிருந்து ஹாட்ஜ்சனின் பீர் பீப்பாய்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் வந்து கல்கத்தாவிலும் சென்னையிலும் இறங்கியது, ஹாப்ஸைத் தாராளமாகப் போட்டதனால்தான். ஹாப்ஸ் பீரைப் பயணிக்கும் சரக்காக ஆக்கியது. கள் ஊரைவிட்டு நகராத சரக்காகவே இருந்தது. சேர்த்துவைக்கக்கூடியதையும் எண்ணக்கூடியதையும்தான் அரசுகள் விரும்புகின்றன. நிற்காத சரக்கை என்ன செய்வது என்பது அரசுக்கு எப்போதும் ஒரு பிரச்சினையாகவே இருந்துவந்திருக்கிறது.

3

தொண்டை மண்டலத்தில் குடி பனையோடு மட்டும் கட்டுண்டதாக இருக்கவில்லை. கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பில் மது ஆக்கும் முறையை விவரிக்கிறார். அரிசிக் கூழை அகன்ற தட்டில் ஆறவைத்து, முளைவிட்ட நெல்லின் மாவைக் கலந்து, இரவும் பகலுமாகச் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்து வடித்தெடுப்பது அந்த முறை. முளைவிட்ட தானியத்தைக் கொண்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிப் புளிக்கவைப்பதுதான் பீர் காய்ச்சும் முறையின் அடிப்படை. ஹாப்ஸ் மட்டும்தான் இல்லை. ஆற்றுப்படையில் அது வெட்கப்படத்தக்க காரியமாக வரவில்லை. விருந்தோம்பலின் ஒரு பகுதியாக, செய்முறையை விளக்கத்தக்க தொழிலாக வருகிறது. குறளில் கள்ளுண்ணாமை ஒரு அதிகாரமாகும்போது இந்தத் தொழில்நுட்பம் பார்வையிலிருந்து மறைந்து, குடிப்பவனின் இழிவு மட்டும் மிஞ்சுகிறது. அறநூல் குடிப்பவனைப் பேசுகிறது, ஆற்றுப்படை ஆக்குகிறவனைப் பேசுகிறது. நமது பண்பாட்டு வரலாற்றாசிரியர்கள் முன்னதைப் பொதுமறையாகவும் பின்னதைப் பழைய வாழ்க்கைக் குறிப்பாகவும் பிரித்துவைத்துவிட்டார்கள்.

இனி உத்திரமேரூர். முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், கி.பி. 919லும் 921லும் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் இந்த ஊருக்கு உலகப் புகழைக் கொண்டுவந்தன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரும் இந்தக் கல்வெட்டைத்தான் இந்திய ஜனநாயகத்தின் பழமைக்குச் சாட்சியாகக் காட்டினார். முப்பது குடும்புகள், ஒவ்வொரு குடும்பிலும் தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, வாரியங்களுக்கு ஆள் தேர்வது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வேலைப் பிரிவுகள்.

தகுதிகளை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. வரி செலுத்தும் கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி. தகுதியற்றோர் பட்டியலில், கணக்குக் காட்டாதவர்களோடு ஐம்பெரும் பாதகங்களில் முதல் நான்கைச் செய்தவர்களும் அவர்களுடைய உறவினர்களும் வருகிறார்கள். அந்த நான்கில் மது அருந்துவதும் ஒன்று. கவனிக்க: குற்றம் செய்தவன் மட்டுமில்லை, உறவும் விலக்கப்படுகிறது.

இதைக் குடி ஒழுக்கம் பற்றிய சட்டமாகப் படிப்பதில் எனக்கு நிறைவில்லை. இதை இன்னொரு பிரதியோடு சேர்த்து வாசிக்க வேண்டும். பல்லவர், சோழர் காலத்துப் பிரமதேய, தேவதான, பள்ளிச்சந்தச் செப்பேடுகளில் தானம் பெற்றவர்களுக்குக் கொடுக்கப்படும் சலுகைகளின் வரிசை ஒன்று உண்டு. சுட்ட செங்கல்லால் மாடமாளிகை கட்டிக்கொள்ளலாம்; துரவும் கிணறும் தோண்டிக்கொள்ளலாம்; அந்த ஊர் எல்லையில் உள்ள தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது. ஈழம் என்பதற்குக் கள் என்றும் ஒரு பொருள் உண்டு. ஈழவர் என்றால் கள்ளிறக்குவோர். ஈழப்பூட்சி என்ற பெயரில் அவர்கள்மேல் விதித்த வரியும் செப்பேடுகளில் வருகிறது. ஆக, மற்ற ஊர்களில் ஏறினால் வரி. பிரமதேயத்தில் ஏறவே கூடாது.

உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிரமதேயம். குடவோலை என்ற சொல்லையே பிரித்துப் பார்ப்போம். குடம், ஓலை. ஓலை பனையிலிருந்து வருகிறது. பனையில் ஏறி ஓலை வெட்டிப் போட ஒருவன் வேண்டும். அவன் பெயரை எழுத அந்த ஓலையில் இடமில்லை. மரத்தில் அவனுக்கு ஏறு உரிமை உண்டா இல்லையா என்பதை அவன் இல்லாத சபைகள் தீர்மானித்தன. நமது ஜனநாயகத்தின் பெருங்கதையாடலை இந்த ஓலையின் பின்பக்கத்திலிருந்து வாசித்தால் இப்படித்தான் தெரிகிறது. ஏரி வாரியம் பேணிய வைரமேக தடாகத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். கரைகளில் நின்ற மரம் யாருடையது என்று கேட்பதில்லை.

4

பிரிட்டிஷ் ஆட்சி இந்தக் கேள்வியைக் கேட்டது, தன் காரணத்துக்காக. மரம் யாருடையதாக இருந்தாலும் அதிலிருந்து சொட்டுவது அரசுடையது என்பது ஆப்காரிச் சட்டத்தின் சாரம். தொடக்கத்தில் குத்தகை முறை: ஒரு வட்டாரத்தின் கள், சாராய உரிமையை மொத்தமாக ஏலத்தில் எடுத்தவன் கடைகளை நடத்தி, மரமேறியிடம் கள் வாங்கி விற்பான். அரசுக்குத் தெரிந்தது குத்தகைத் தொகை மட்டுமே. எத்தனை மரம், எவ்வளவு கள் என்ற கணக்கு அதனிடம் இல்லை. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தையொட்டிப் பரவலாக்கப்பட்ட மரவரி முறை இதை மாற்றியது.

பீருக்கும் சாராயத்துக்கும் வடிசாலை வாசலில் வரி போட்டுவிடலாம். அங்கே பீப்பாய் இருக்கிறது, அளவு இருக்கிறது, பூட்டு இருக்கிறது. கள்ளுக்கு வாசல் கிடையாது. காலையில் இறங்கி மாலையில் தீர்ந்துபோகும் ஒன்றை எங்கே நிறுத்தி அளப்பது? சரக்கு நிற்காது, ஆனால் மரம் நிற்கும். ஆகவே மரத்துக்கு வரி. எந்தெந்த மரத்தைச் சீவப்போகிறோம் என்று முன்கூட்டியே மனு போட வேண்டும். உப்பு-ஆப்காரி இலாகா ஆட்கள் வந்து மரத்தில் எண் குறிப்பார்கள். எண் இல்லாத மரத்தில் கலயம் தொங்கினால் குற்றம். தென்னைக்கு ஒரு வரி, பனைக்கு ஒரு வரி, ஈச்சமரத்துக்கு ஒரு வரி.

இது வெறும் வரிமுறை மாற்றமில்லை. மரம் பார்ப்பது என்ற செயலே இதில் உருமாறிப்போகிறது. முன்பு மரமேறி பருவத்தின் நடுவில், பாளையைத் தொட்டுப் பார்த்து, இந்த மரம் வேண்டாம், அந்த மரம் போகட்டும் என்று மாற்றிக்கொள்ள முடிந்தது. இப்போது பாளை விடுவதற்கு முன்பே தாளில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். எழுதிக் கொடுத்து வரி கட்டிய மரம் ஊறினாலும் ஊறாவிட்டாலும் பணம் போனது போனதுதான். ஆகவே அந்த மரத்தைக் கடைசிச் சொட்டுவரை சீவியாக வேண்டும். 'போன வருசம் சீவுன மரத்த இந்த வருசம் வுட்டுடணும்' என்கிற அறிவுக்கும் மரவரிக்கும் ஒத்துப்போகாது. கடை ஏலம் எடுத்தவன் முன்பணம் கொடுத்து வரி கட்டுவான், மரமேறி அவனுக்குக் கடன்பட்டவனாவான். தேர்வு கடைக்காரனிடமும் இலாகாவிடமும் போய்விட்டது. ஏறுகிற கால்தான் இவனுடையதாக மிஞ்சியது. அரசு ஒரு மனிதனின் கண்ணையும் விரலையும் தன் பதிவேட்டுக்கு மாற்றி எழுதிக்கொள்ளும் கதை இது. நவீனத்துவம் என்று நாம் சொல்வதன் கிராமத்து முகங்களில் இதுவும் ஒன்று.

நிலவரிக்கு அடுத்தபடியாகச் சென்னை மாகாணத்தின் பெரிய வரும்படியாக ஆப்காரி வளர்ந்தது. இதே காலத்தில், நிற்கிற சரக்குக்கு ஆலைகள் எழுந்தன. நீலகிரியின் குளிரிலும் பெங்களூரிலும் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காகத் தொடங்கப்பட்டவை அவை. 1915இல் தாமஸ் லீஷ்மன் தென்னிந்தியாவின் ஐந்து மதுவாலைகளைச் சேர்த்து யுனைடெட் புரூவரீஸை உண்டாக்கினார். 1947இல் விட்டல் மல்லையா அதன் இயக்குநரானார். ஹாப்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது. பிற்காலத்தில் இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் பயிரிட்டார்கள் என்றாலும், இன்றும் பெரும்பகுதி இறக்குமதிதான்.

5

தேசிய இயக்கம் இந்த ஆப்காரி வருமானத்தைத்தான் குறிவைத்தது. ஒத்துழையாமைக் காலத்தில் கள்ளுக்கடை ஏலங்கள் மறியல் செய்யப்பட்டன, மர உடைமையாளர்கள் மரத்தைச் சீவக் கொடுக்க மறுத்தார்கள். பெரியார் தம் தோப்பில் 500 தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தது 1921ஐ ஒட்டி நடந்ததாக எல்லோரும் சொல்லும் சம்பவம். அந்தத் தியாகத்தைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமில்லை. சொந்தச் சொத்தை அழிக்கும் துணிவு சாதாரணமானதில்லை. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். மரத்தை வெட்டும் உரிமை மர உடைமையாளருக்கு இருந்தது. அந்த மரங்களில் ஏறிப் பிழைத்தவர்களுக்கு அதில் என்ன உரிமை இருந்தது? தியாகத்தின் வரலாற்றில் மரத்தின் எண்ணிக்கை இருக்கிறது, மரமேறியின் எண்ணிக்கை இல்லை.

மதுவிலக்குப் பேச்சின் இன்னொரு முனையில் ம.பொ.சி. நிற்கிறார். சென்னையில், கள்ளிறக்கும் தொழிலோடு பிணைக்கப்பட்ட கிராமணி சமூகத்தில் 1906இல் பிறந்தவர். அந்தத் தொழிலை விட்டு வெளியேறுவதையே விடுதலையாகக் கண்டு, மதுவிலக்கைப் பிரச்சாரம் செய்தார். இதை வெறும் காங்கிரஸ் விசுவாசமாகப் பார்ப்பது சரியில்லை. தொழில் சாதியாகவும் சாதி இழிவாகவும் கட்டமைக்கப்பட்ட ஒரு சமூகத்தில், தொழிலைத் துறப்பது தன்மானத்தின் வழியாகத் தோன்றியதற்குக் காரணம் இருக்கிறது. ஆகவே கள்ளுக்காகப் பேசுகிற எவரும், நான் உட்பட, இந்தத் தொழிலைப் பொன்னுலகமாகத் தீட்டிவிடக் கூடாது. மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவர்கள், மார்பில் காய்ப்பேறியவர்கள், கடைக்காரனுக்குக் கடன்பட்டே செத்தவர்கள் இருக்கிறார்கள். சேரியின் பக்கத்தில் கடையைத் திறந்து, பண்ணைக் கூலியை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்ட மிராசுகளும் இருந்தார்கள். குடியால் அடிபட்ட பெண்களின் கோபம்தான் இந்த நாட்டின் உண்மையான மதுவிலக்கு இயக்கம். 1992இல் நெல்லூர் மாவட்டத்து துபகுண்டாவில் எழுந்த சாராய எதிர்ப்பு அதை நிரூபித்தது.

ஆனால் அரசு செய்த மதுவிலக்கு வேறு தர்க்கத்தில் நடந்தது. ராஜாஜி 1937 அக்டோபர் 1இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. யுத்த காலத்தில் நிறுத்திவைக்கப்பட்ட மதுவிலக்கு, ஓமந்தூரார் காலத்தில், 1948இல் மாகாணம் முழுதும் பரவியது. மரமேறிக்கு என்ன மாற்று? பதனீரும் பனைவெல்லமும். கரும்பு நல்ல நிலத்தைத் தின்கிறது, பனை யாருக்கும் வேண்டாத நிலத்தில் நின்று சர்க்கரை தருகிறது என்று ஜே.சி. குமரப்பா வாதிட்டார். காந்தியும் பனைவெல்லத்தை ஆதரித்து எழுதினார். இந்தப் பேச்சுக்களில்தான் மரமேறி உற்பத்தியாளனாக மதிக்கப்பட்டான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கூட்டுறவுச் சங்கங்களின் பனைவெல்லம் ஆலைச் சர்க்கரையோடு போட்டியிட முடியவில்லை. பதனீர் காய்ச்ச விறகு வேண்டும், பெண்களின் நாள் முழுக்க உழைப்பும் வேண்டும். அந்த உழைப்புக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

சட்டத்தின் கண் இப்போது மரத்தின் எண்ணிலிருந்து கலயத்தின் உட்புறத்துக்கு நகர்ந்தது. சுண்ணாம்பு இருக்கிறதா? இருந்தால் தொழிலாளி, இல்லாவிட்டால் குற்றவாளி. பெரியவர் இதைச் சொல்லும்போது சிரித்தார். "சுண்ணாம்ப வழிச்சுப் பாப்பாங்க. கொஞ்சம் கொறஞ்சாலும் கேசு. ரொம்பப் போட்டா வாயில வைக்க முடியாது. போலீசுக்கு ஏத்த மாதிரிப் போடறதா, குடிக்கிறவனுக்கு ஏத்த மாதிரிப் போடறதா?" சீவலின் கனத்தை அறிந்த விரல், சுண்ணாம்பின் கனத்தில் வந்து மாட்டிக்கொண்டது.

6

அப்புறம் நடந்தவை தேதிகளாக நமக்குத் தெரியும். 1971இல் மதுவிலக்கு ஒத்திவைப்பு, கள்ளுக்கடையும் சாராயக்கடையும். 1974க்குள் அவை மூடல். 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறப்பு. 1983இல் டாஸ்மாக் நிறுவனம். 1987 தொடக்கத்திலிருந்து கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கைக்கு வந்தது.

இதை ஒழுக்கத்துக்கும் வருமானத்துக்கும் நடந்த இழுபறியாகத்தான் நமது பத்திரிகைகள் சொல்லிவந்திருக்கின்றன. எனக்கு இதில் தெரிவது வேறு ஒரு நேர்க்கோடு. 1886இல் அரசுக்கு மரம் வேண்டியிருந்தது, ஏனென்றால் சரக்கு நிற்காது. 1983க்குப் பிறகு நிற்கிற சரக்கு, பாட்டிலில் அடைத்து மூடிபோட்டு லேபிள் ஒட்டி, ஆலை வாசலிலேயே எண்ணத்தக்கதாகக் கிடைத்துவிட்டது. எண்ணமுடியாத கள் இப்போது வருமானத்துக்குப் போட்டி, மேற்பார்வைக்குத் தொல்லை. மரமும் வேண்டாம், மரமேறியும் வேண்டாம். ஏறத்தாழ 4, 5 சதவீதம் போதையுள்ள கள் ஆரோக்கியத்துக்குக் கேடு என்று தடையில் இருக்க, அதைவிட மிகக் கடுமையான பிராந்தியும் ரம்மும் அரசாங்கக் கடையில் அரசாங்க ஊழியர் கையால் விற்கப்படுவதை ஆரோக்கியக் காரணத்தால் விளக்க முடியாது. சேமிப்புக் கிடங்கின் காரணத்தால் விளக்கலாம். கள்ளில் கலப்படம் நடந்தது என்று சொல்வார்கள், உண்மைதான். கலப்படம் நடந்தது மரத்தில் இல்லை, கடையில். மரத்துக்கும் குடிப்பவனுக்கும் நடுவில் ஏலக்காரன் வந்த பிறகு.

கேரளத்தில் இன்றும் கள் சட்டபூர்வமானது. மரவரியும் அனுமதிச் சீட்டும் உண்டு. பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து மற்ற மாவட்டங்களுக்குக் கள் போகிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி கள் தொழிலாளர்களுக்கு நலநிதி உண்டு. வலுவான சங்கங்கள் உண்டு. அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் மரமேறி அங்கே தொழிலாளி வர்க்கத்தின் ஒரு பகுதியாக அரசியலில் பேசினான். இங்கே நமது இடதுசாரிகளும் திராவிட இயக்கத்தாரும் அவனைப் பற்றிப் பேசும் மொழியை ராஜாஜியிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டார்கள். கள் இயக்கத்தின் செ. நல்லசாமி போன்றவர்கள் தடையை எதிர்த்துத் தொடர்ந்து குரல் கொடுத்துவருகிறார்கள். அந்தக் குரலிலும் விவசாயியின், அதாவது மர உடைமையாளனின், வருமானம்தான் முன்னால் நிற்கிறது. ஏறுகிறவனின் உரிமை பின்னால் வருகிறது. 2015 ஜூலை 31இல் காந்தியவாதி சசிபெருமாள், குமரி மாவட்டத்தில் டாஸ்மாக் கடையை மூடச் சொல்லிச் செல்போன் கோபுரத்தில் ஏறி நின்ற போராட்டத்தில் உயிர்விட்டார். மதுவிலக்குக்காக உயிர்விட்டவருக்கு நாடே அஞ்சலி செலுத்தியது, செலுத்த வேண்டியதுதான். வருஷா வருஷம் பனையிலிருந்து விழுந்து சாகிறவர்களுக்கு அந்த அஞ்சலி கிடைத்ததில்லை.

2023 மே மாதம் மரக்காணத்திலும், உத்திரமேரூருக்குப் பக்கத்துத் தாலுகாவான மதுராந்தகம் பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேல். செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிகள். பாட்டிலின் விலை எட்டாதவர்கள். பனைகள் ஊர் ஊராக நின்றிருந்த பிரதேசம் இது. தொழிற்சாலைக் கரைப்பான் கூலிக்காரனின் தொண்டைக்கு வந்துசேர எந்த மரத்திலும் எண் குறிக்க வேண்டியிருக்கவில்லை. கள் கிடைத்திருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் நிற்காத சரக்கைத் தடைசெய்து, நிற்கிற சரக்கை விலையேற்றி விற்கும் ஓர் ஏற்பாட்டின் அடியில்தான் மூன்றாவதாக ஒரு சரக்கு விளைகிறது என்பதைக் காணாமல் இருக்க முடியாது.

பனை 1978இலிருந்து தமிழ்நாட்டின் மாநில மரம். 2021இல் அறிவித்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனைமேம்பாட்டு இயக்கம் வந்தது. லட்சக்கணக்கில் விதைகள் கொடுக்கப்பட்டன. கலெக்டரின் அனுமதியில்லாமல் பனையை வெட்டக்கூடாது என்றும் சொல்லப்பட்டது. செங்கல் சூளைக்கு வண்டிவண்டியாகப் பனை போய்க்கொண்டிருந்த எங்கள் பக்கத்தில் இது வரவேற்கத்தக்கதுதான். பள்ளிப் பிள்ளைகள் ஏரிக்கரையில் பனங்கொட்டை ஊன்றும் புகைப்படங்கள் நிறைய வருகின்றன. இந்த மரங்கள் பாளை விட இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். அப்போது மரங்கள் இருக்கும், எண்ணிக்கையும் இருக்கும். ஏறித் தொட்டுப் பார்த்து இதை எடு, இதை விடு என்று சொல்லும் விரல் இருக்குமா? பெரியவரின் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போகிறார்கள். அந்தப் பிழைப்பு மோசம், பனைக்குத் திரும்பு என்று சொல்லும் யோக்கியதை நமக்கில்லை.

பெங்களூரில் 2011 வாக்கிலிருந்து பெருகிய சிறு பீர்ப்பட்டறைகளில் இது எந்த நாட்டு ஹாப்ஸ், எந்தத் தோட்டத்து ஹாப்ஸ் என்று பலகையில் எழுதிவைக்கிறார்கள். தேர்ந்தெடுத்தவரின் பெயரையும் சில சமயம் எழுதுகிறார்கள். படித்தவர்கள் அதைச் சுவைத்து அபிப்பிராயம் சொல்கிறார்கள். அதே அறிவு, அதே நுண்மை, ஒரு பனையேறியிடம் இருந்தபோது ஈழப்பூட்சியாகவும் மரவரியாகவும் சுண்ணாம்பு வழக்காகவும்தான் நமது ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. தடையை நீக்கு என்று கேட்பது சுலபம். நீக்கினால் ஏலக்காரன் மறுபடி வருவான். கேட்க வேண்டிய கோரிக்கை அதைவிடக் கடினமானது. ஏரிக்கரைப் புறம்போக்கில் நிற்கும் பனைகளில் ஏறும் உரிமையும், எந்த மரம், எந்தப் பருவம், கள்ளா பதனீரா என்று தீர்மானிக்கும் உரிமையும், நடுவில் யாரும் இல்லாமல் விற்கும் உரிமையும், ஏறுகிறவர்களின் கூட்டமைப்புக்கே கொடுக்கப்பட வேண்டும். அந்தக் கூட்டமைப்பின் கூட்டத்தில் பதனீர் காய்ச்சும் பெண்களும், கடை எங்கே இருக்கலாம், இருக்கக்கூடாது என்று சொல்லப்போகும் சேரிப் பெண்களும் உட்கார வேண்டும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பு இங்கே ஓலையில் எழுதாமல் விட்ட பெயர்கள் அவை.